முதல் படிக்கட்டில் யாருக்கு இடம்?

உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத வேண்டுமானால், குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரி வாசல்களில் இது சில வாரங்கள் பேசப்பட்டது. ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் பேசப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பேசியிருக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பாவு ஓடி, தார் சுற்றி, பிள்ளையைச் சட்டம் படிக்க வைத்த வீடுகளுக்குத்தான் அந்த மூன்று ஆண்டுகள் கனமானவை.

அந்த முதல் படிக்கட்டின் இன்றைய பெயர் ‘உரிமையியல் நீதிபதி’. ஊர்வாயில் அது இன்னும் முன்சீப் கோர்ட்தான். ஆரணியில் அந்தக் கோர்ட்டுக்கு வருகிற பிராதுகளைப் பார்த்தாலே ஊரின் வரவு செலவு புரிந்துவிடும். புரோநோட்டுக் கடன், பொதுச்சுவர்த் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வாடகை பாக்கி. பட்டு, ஜரிகை விலை ஏறி இறங்குகிறபோது கொடுக்கல் வாங்கலும் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கியது கடைசியில் ஒரு வாய்தா தேதியாக வந்து நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் தம் வாழ்நாளில் நேருக்கு நேர் பார்க்கிற ஒரே நீதிபதி, அந்த நாற்காலியில் இருக்கிறவர்தான்.

1856இல் தரங்கம்பாடியில் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். அப்போது அவருக்கு வயது 24. சட்டப் பட்டம் இல்லை. 22 ஆண்டுகள் கழித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். தெருவிளக்கில் படித்து முன்னேறியவர் என்று மேடைதோறும் சொல்லப்படுகிற கதையின் நாயகன் அவர்தான். நல்ல கதைதான். ஆனால் தெருவிளக்கு எல்லாத் தெருவிலும் எரிந்தது. அதன் கீழ் படித்த எல்லோரும் நீதிபதி ஆகவில்லை. அந்தக் கதையை மட்டும் கைதட்டிக் கேட்டுவிட்டுக் கலைந்துவிடுவதால்தான், அவரை உண்மையில் மேலே ஏற்றியது எது என்ற கேள்வி நமக்கு வருவதே இல்லை.

தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் 1832 ஜனவரி 28 அன்று பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போக, திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். வேலையைச் சிறுவயதிலேயே அங்கே கற்றார். அடங்கல், சிட்டா, யார் நிலம் எங்கே முடிகிறது, எந்த வாய்க்காலில் யாருக்கு முறை என்பதெல்லாம் பிற்காலத்தில் அவர் தீர்க்கப்போகிற வழக்குகளின் அரிச்சுவடி.

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்த செய்தி வந்தபோது கச்சேரியில் பெரியவர்கள் யாரும் இல்லை. விவரம் அறிந்துவரத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் இந்தப் பையனை அனுப்பினார். உடைப்பின் அளவு என்ன, அடைக்க என்னென்ன வேண்டும் என்று முழு விவரத்தோடு அவன் திரும்பினான். பிறகு போய்ப் பார்த்த அனுபவசாலியும் அதையே சொன்னார் என்று அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். தாசில்தார் அதன் பிறகு செய்தது மெருகு இல்லாத உண்மை. பையனை நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கு அனுப்பினார். அங்கிருந்து சிபாரிசுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பினார். சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் என்ற ஆசிரியர் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். 1854இல், மாகாணம் முழுவதற்குமான ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு வந்தது. ஒரு ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அது நாற்பது வருடச் சம்பளத்துக்கும் மேல்.

அடுத்து வந்தது அரசு நடத்திய வழக்குரைஞர் தேர்வு. எழுதித் தேறினார். முன்சீப் வேலை கிடைத்தது. பட்டமோ, வெள்ளைக்கார வழக்கறிஞரிடம் தொழில் பழகிய சான்றோ கேட்கப்படவில்லை. சட்டம் தெரியுமா என்று தாளில் சோதித்தார்கள். தெரிந்தது, வேலை கொடுத்தார்கள். சென்னைக்கு மாஜிஸ்திரேட்டாக வந்த பிறகு, முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில்தான் பி.எல். படித்துத் தேறினார்.

அதற்குள் அவர் பார்த்த வேலைகளின் வரிசை கவனிக்கத்தக்கது. முன்சீப்புக்குப் பின் இனாம் கமிஷனில் நில உரிமைகளை ஆராயும் பணி. கோயில் மானியம், ஊழிய மானியம் என்று பாத்தியதை சொல்லி வந்தவர்களின் செப்பேட்டையும் ஓலையையும் காகிதத்தையும் பார்த்து, எது மெய், எது நேற்று எழுதியது என்று பிரிக்கிற வேலை அது. (ஜாகீர் ஆட்சியில் நூற்றாண்டுகள் இருந்த ஆரணிக்கு, இப்படிப்பட்ட காகிதங்களின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.) 1865இல் மங்களூரில் சார்பு நீதிபதி. 1868இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். பின்னர் அங்கேயே சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி. வண்டிக்காரன் வாடகை, கடைக்காரன் பாக்கி, குடித்துவிட்டுச் சண்டை என்று நகரத்தின் அன்றாடம் முழுவதும் அவர் மேசைக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தின் ஐரோப்பிய நீதிபதி ஒருவர் மீது இந்தியர் ஒருவரை அடித்ததாகப் புகார் வந்தபோது, மாஜிஸ்திரேட்டாக இருந்த முத்துசாமி ஐயர் அவருக்கே சம்மன் அனுப்பினார் என்ற செய்தி இந்தக் காலத்தைச் சேர்ந்தது. கீழ் நீதிமன்றத்தில் இருந்துகொண்டு மேல் நீதிமன்றத்தாரைக் கூண்டுக்கு அழைக்கத் தெருவிளக்குக் கதை போதாது. வேலை கைவந்திருக்க வேண்டும்.

அவர் உயர் நீதிமன்றத்துக்குள் போன கதவையும் பார்த்துவிடுவோம். 1861ஆம் ஆண்டு உயர் நீதிமன்றச் சட்டம், நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவில் சர்வீஸ் அதிகாரிகள் என்று ஒதுக்கியது. அந்தக் காலத்தில் இரண்டும் நடைமுறையில் வெள்ளையர் வாசல்கள். மிச்ச இடத்துக்கு, உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு தொழில் செய்த வக்கீல்கள் வரலாம். அல்லது சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிக்குக் குறையாத பதவியில் ஐந்தாண்டு இருந்தவர்கள் வரலாம். முத்துசாமி ஐயர் பாரிஸ்டர் இல்லை, சிவில் சர்வீஸ் இல்லை, உயர் நீதிமன்ற வக்கீலும் இல்லை. கடைசி வாசல் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863இலேயே உயர் நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். சென்னை 1878 வரை காத்திருந்தது.

நியமனம் வந்ததும் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கொதித்தன. ஓர் இந்தியர் அந்த ஆசனத்துக்குத் தகுதியா என்று எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் வலுவான பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதிகள் அச்சடித்து ஒரு வார இதழைக் கொண்டுவந்தார்கள். அதுதான் ‘தி இந்து’. ஆசிரியரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. நான்கு ஆண்டுகள் கழித்து ‘சுதேசமித்திரன்’ இதழையும் அவரே தொடங்கினார். ஒரு நீதிபதி நியமனத்தை ஒட்டி எழுந்த சச்சரவிலிருந்து தமிழ்நாட்டின் அரசியல் பத்திரிகை உலகமே முளைத்தது என்றால் மிகையாகாது. இன்று ஒரு நியமனத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகிற தலையங்கங்களுக்கெல்லாம் மூதாதை அந்தச் சச்சரவு.

முத்துசாமி ஐயர் பதினேழு ஆண்டுகள் அந்த ஆசனத்தில் இருந்தார். 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார்; அதே ஆண்டு ‘சர்’ பட்டமும் வந்தது. கடற்கரையோரக் கட்டடத்தில் தொடங்கிய அவருடைய உயர் நீதிமன்ற வாழ்க்கை, 1892இல் திறக்கப்பட்ட இன்றைய செங்கல் மாளிகையில் முடிந்தது. 1895 ஜனவரி 25 அன்று, 63 வயது நிறைய மூன்று நாள் இருக்கையில் பதவியில் இருந்தபடியே இறந்தார். அவருடைய பளிங்குச் சிலை உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது.

புகழ்ந்துவிட்டுப் போக முடியாத பக்கங்களும் உண்டு. மலபார் திருமண ஆணையத்துக்கு 1891இல் அவர்தான் தலைவர். தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கள்தாய முறையில் நடந்த ‘சம்பந்தம்’ என்ற திருமண உறவுகளுக்குச் சட்டத் தகுதி தரலாமா என்பது கேள்வி. சமூகம் தானாகக் கேட்காததைச் சட்டம் திணிக்கக் கூடாது என்ற பக்கமே அவர் சாய்ந்தார். அந்த முறையில் வாழ்ந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு அந்தச் சாய்வில் போதுமான விடை இல்லை என்றே எனக்குப் படுகிறது. அவர் பதவியேற்பதற்கு முந்தைய ஆண்டில்தான், மதுரைப் பக்கம் மாவட்டங்களில் பணியாற்றிய ஜே.எச். நெல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். சமஸ்கிருத நூல்களில் உள்ள சட்டத்தை, அதைக் கேள்வியேபட்டிராத தமிழ்ச் சாதிகள் மீதெல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் ‘இந்துச் சட்டம்’ என்று சுமத்துகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்த நீதிமன்றத்தின் முதல் இந்தியர் அந்தப் போக்கை மாற்றியவராக அறியப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஏழை, ஆனால் ஏழை பிராமணர். கிராமக் கணக்கர் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து கணக்கு எழுத, 1840களில் எல்லா ஏழைப் பிள்ளைகளாலும் முடிந்திராது. ஆரணியில் அதே வயதில் தறிக்குழிக்குள் கால்வைத்த பையனை ஆற்றுடைப்பைப் பார்த்துவர எந்தத் தாசில்தார் அனுப்பியிருப்பார்? தேர்வு எல்லோருக்கும் பொது. தேர்வுக்கு முந்தைய திண்ணை பொது அல்ல. முத்துசாமி ஐயருக்குப் பின் 1895இல் அந்த இடத்துக்கு வந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். 1901இல் நீதிபதியானவர் வெ. பாஷ்யம் ஐயங்கார். அவர் குடும்பத்தின் பூர்வீகமான வெம்பாக்கம், ஆரணிக்காரர்களுக்குத் தெரிந்த ஊர்தான். செய்யாற்றுக்கு அப்பால் இருக்கிறது. பாஷ்யம் ஐயங்கார் முன்சீப் கோர்ட் வழியாக வரவில்லை. வக்கீல் தொழிலில் கொடிகட்டிப் பறந்து, அட்வகேட் ஜெனரல் பொறுப்பைப் பார்த்த முதல் இந்தியராகி, அங்கிருந்து நேராக வந்தார். மூன்று ஆண்டுகளில் போதும் என்று விட்டுவிட்டுத் திரும்பவும் தொழிலுக்கே போய்விட்டார். வக்கீல் வழியில் வருகிறவருக்கு நீதிபதி பதவி, பல சமயம் வருமானத்தில் ஒரு தியாகம். கீழிருந்து வருகிறவருக்கு அது வாழ்நாள் உழைப்பின் உச்சி.

அதே தலைமுறையில், அதே தஞ்சை மாவட்டத்தில் முன்சீப்பாக இருந்த இன்னொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அவர் 1805 முதல் 1861 வரையிலான, உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இலேயே வெளியிட்டார். தீர்ப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று நாம் இன்றும் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு முன்சீப் தன் சொந்த முயற்சியில் அந்த வேலையை அன்றே செய்துவிட்டுப் போனார். அவர் உயர் நீதிமன்றம் போகவில்லை. மேலே இருந்த நீதிபதியோடு ஏற்பட்ட மனக்கசப்பில் 1872இல் முன்சீப் வேலையே போனது. படிக்கட்டு இருந்தாலும், அதில் ஏறுவதும் இறக்கப்படுவதும் மேலே நிற்பவர் மனசைப் பொறுத்தது என்பதற்கு அவரே சாட்சி.

முன்சீப் வழியில் பிறகு வந்த ஒருவரைப் பற்றி வட ஆர்க்காட்டுக்காரர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. ஆரணியும் ஜோலார்பேட்டையும் ஒரே பழைய மாவட்டம். ஜோலார்பேட்டையில் 1920இல் பிறந்த ஏ. வரதராஜன், 1949இல் மாவட்ட முன்சீப் ஆனார். 1968இல் மாவட்ட நீதிபதி. 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சென்றார். பட்டியல் சாதியிலிருந்து அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர். முத்துசாமி ஐயர் ஏறிய அதே படிக்கட்டு. ஏறியவருக்கு அவருக்கிருந்த திண்ணை இல்லை. 1878க்கும் 1973க்கும் இடையில் நாட்டில் மாறியது என்ன என்று கேட்டால், இந்த இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதிக் காட்டலாம். மாறாதது என்ன என்று கேட்டாலும் அதே இரண்டு பெயர்கள்தான். இருவருக்கும் வாசல் திறந்தது கீழ் நீதிமன்றம்.

அந்த வாசலின் இன்றைய நிலைக்கு வருவோம். மூன்றாண்டுத் தொழில் என்ற நிபந்தனை புதிதல்ல. 1993இல் உச்ச நீதிமன்றமே விதித்தது. நீதித்துறை ஊதியம் குறித்த ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002இல் அதே நீதிமன்றம் நீக்கியது. நீக்கிய காரணம், திறமையான பட்டதாரிகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது. 2025இல் திரும்பக் கொண்டுவந்த காரணம், நேற்றுவரை வகுப்பில் இருந்தவர் இன்று ஆசனத்தில் உட்கார்ந்தால் கட்சிக்காரரையும் வழக்கறிஞரையும் கையாளத் தெரியவில்லை என்பது. இரண்டாவது காரணத்தில் உண்மை இருக்கிறது. வாய்தா வாங்குவதற்கென்றே வருகிற மனுவை வாசனையிலேயே கண்டுபிடிக்க நீதிமன்றப் பழக்கம் வேண்டும். முத்துசாமி ஐயருக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தது கணக்கர் கச்சேரி. ஆனால் அந்தக் கச்சேரி மாதம் ஒரு ரூபாயாவது கொடுத்தது.

ஆரணியில் ஜூனியராகச் சேர்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? சீனியர் நல்லவராக இருந்தால் பஸ் செலவும் சாப்பாடும். வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் கோர்ட்டாக ஓடி, குமாஸ்தாவிடம் கெஞ்சி நகல் வாங்கி, சாயங்காலம் சீனியர் அறையில் தட்டச்சு செய்து முடிக்கிற வேலைக்கு, தொழில் கற்கிறாய் என்ற சொல்தான் சம்பளம். அப்பா அதே தொழிலில் இருந்தால் இது ஒரு காத்திருப்பு. அப்பா தறியில் இருந்தால், அம்மா தார் சுற்றுகிற வீட்டிலிருந்து இன்னும் மூன்று வருடம் பணம் வாங்க வேண்டும். அக்காவின் கல்யாணக் கடனும் அதே வீட்டில்தான் இருக்கும். பெண் பிள்ளையானால், மூன்று வருடம் என்பது பல வீடுகளில் படிப்புக்கே முற்றுப்புள்ளி வைக்கப் போதுமான காலம்.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதம், இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தரப்பட வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் ஆரணிக்கு 15,000. அதே ஆண்டு இந்திய வழக்கறிஞர் கவுன்சிலும் ஏறத்தாழ அதே தொகைகளைப் பரிந்துரைத்தது. ஆனால் கொடுக்க வேண்டியவர் சீனியர். தாலுகா கோர்ட்டில் தொழில் செய்யும் சீனியர்கள் பலருக்கு, எல்லாச் செலவும் போக மாதம் 15,000 ரூபாய் எடுத்து வைப்பதே பெரிய பாடு. இரண்டு ஜூனியர் வைத்திருந்தால் இருவரையும் அனுப்பிவிடுவார். உத்தரவைக் காகிதத்தில் நிறைவேற்ற அதைவிடச் சுலபமான வழி இல்லை. அரசு ஏழைக் குடும்ப இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தை 2020இல் கொண்டுவந்தது. நோக்கம் சரி; தொகை, பஸ் பாஸுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் காணும்.

என் கருத்து இதுதான். மூன்றாண்டு என்ற நிபந்தனை இருக்கட்டும். அதன் செலவை அந்த வீட்டின் தலையில் வைக்கக் கூடாது. நீதிபதி வேண்டும் என்பது அரசின் தேவை. அந்தத் தேவைக்காகப் பழக்கப்படுத்தும் காலத்தின் செலவும் அரசினுடையது. எல்லாத் தாலுகா நீதிமன்ற வளாகங்களிலும் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. இலவச சட்ட உதவி வழக்குகளில் வேலை செய்கிற ஜூனியருக்கு, அந்தக் குழு வழியாகவே மூன்றாண்டும் மாதத் தொகை தரலாம். உயர் நீதிமன்றம் சொன்ன 15,000 ரூபாயையே அளவாக வைக்கலாம். அவரது வேலையை அந்த நீதிமன்றத்தின் நீதிபதியே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால், மூன்றாண்டுத் தொழில் செய்ததாக யாரோ கையெழுத்துப் போட்ட சான்றிதழைவிட அது நம்பகமாகவும் இருக்கும்.

இரண்டாவது, மேல் வாசல். முத்துசாமி ஐயர் 46 வயதில் உயர் நீதிமன்றம் சென்று 17 ஆண்டுகள் இருந்தார். வரதராஜன் 52 வயதில் சென்றார். இன்று உயர் நீதிமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாவட்ட நீதிபதிகளுக்கு என்ற வழக்கம் இருந்தாலும், அவர்களில் பலர் ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். 62இல் ஓய்வு. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒரு நீதிபதி தன் சட்டப் பார்வையைத் தீர்ப்புகளில் பதித்துவிட முடியாது. தலைமை நீதிபதி வரிசைக்கு வருவதும் அரிது. வழக்கறிஞராக இருந்து வருகிறவர் நாற்பதுகளில் வந்து நிதானமாக மூப்பு அடைகிறார். உச்ச நீதிமன்றத்துக்கும் அவருக்கே வாய்ப்பு அதிகம். கொலீஜியத்தின் மூடிய அறையைப் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். முப்பது ஆண்டுகள் புரோநோட்டும் பாகப்பிரிவினையும் விசாரித்த அனுபவம் அந்த அறையில் எவ்வளவு எடை பெறுகிறது என்று எழுதுவதில்லை.

1861ஆம் ஆண்டின் சட்டம் காலனி அரசு தன் ஆட்களுக்காக எழுதியது. ஆனாலும் கீழ் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு இருந்தவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆகலாம் என்று அதில் இருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 217ஆம் பிரிவு, பத்தாண்டு நீதித்துறைப் பதவி வகித்தவர் தகுதியானவர் என்கிறது. அந்தக் கணக்கில் முப்பது வயதுக்குள் முன்சீப் ஆனவர் நாற்பதிலேயே தகுதி பெறுகிறார். அவரை ஐம்பத்தெட்டு வரை காக்க வைப்பது சட்டம் அல்ல, பணிமூப்புப் பட்டியல். மாவட்ட நீதிபதிப் பதவியில் ஒரு பங்கைத் துறைக்குள் தேர்வு நடத்தி விரைவாக நிரப்பும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பங்கை விரிவாக்கவும், அப்படி வந்தவர்களில் ஐம்பதுக்குக் கீழிருப்பவர்களை உயர் நீதிமன்றத்துக்குப் பரிசீலிக்கவும் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் மாநில அரசும் மனம் வைத்தால் போதும். அடுத்த உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கான அறிவிக்கை வருவதற்கு முன், ஜூனியர்களுக்கான மாதத் தொகையை நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அந்த அறிவிக்கையைப் படிக்கிறவர்களில் ஆரணி தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் இருப்பார்.